வெள்ளைச்சாமி கொடுத்த ராம்

மரகதம் டீச்சரின் மேசைமேல் தன் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தபோது, சிங்காரத்தின் முகத்தில் வழக்கில் ஜெயிக்கப் போகிறவனின் களை இருந்தது.

"ராம் செத்துப்போச்சு டீச்சர். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

மரகதம் காரைக்குடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டரைப் பிரித்துச் சேர்க்கக் கற்றுக்கொடுப்பவர். படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். சிங்காரம் கொஞ்சம் அதிகமாகவே மூத்தவர். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் வைத்திருக்கிறார். பாகம் பாகமாக வாங்கி, கற்ற வித்தையால் தன் கையாலேயே பூட்டிய முதல் கம்ப்யூட்டர் இது. முகூர்த்த மாதம் பிறந்துவிட்டது. கம்ப்யூட்டர்தான் இன்னும் கண் திறக்கவில்லை.

"என்ன பண்ணுது அண்ணே?"

"ஃபேன் சுத்துது. திரையில ஒண்ணும் வரலை. விட்டு விட்டு 'பீப்'னு கூவுது. ராமைக் கழட்டிட்டுப் போட்டாலும் அதே கூவல். எந்த ஸ்லாட்டுல மாட்டினாலும் அதே கூவல். அப்ப ராம்தானே?"

மரகதம் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளே ராம் என்கிற நினைவகப் பட்டை நின்ற இடத்தைப் பார்த்தார்.

"ராம் எங்க வாங்கினீங்க?"

"வாங்கலை. வெள்ளைச்சாமி குடுத்தான்."

பெயரைச் சொன்னதும் சிங்காரத்தின் குரல் ஒரு படி இறங்கியது. வெள்ளைச்சாமி அவருடைய அச்சகத்துக்கு எதிரே வீடியோ ஸ்டுடியோ வைத்திருப்பவர். பள்ளிக்கூடத்தில் இருவருக்கும் ஒரே பெஞ்சு. காலை டீயைத் தனித்தனியாகக் குடித்த வழக்கம் கிடையாது. "ஸ்பேர் ஒண்ணு சும்மா கிடக்குடா, வெச்சுக்க" என்று அவர்தான் அந்த ராமைக் கொடுத்தார். கம்ப்யூட்டர் ஓடாத ஆத்திரத்தில் சிங்காரம் டீக்கடையில், நாலு பேர் நிற்கும்போது, "செத்த சாமானை என் தலையில கட்டிட்டியேடா" என்று கேட்டுவிட்டார். வெள்ளைச்சாமி பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து எதிர்க்கடையில் பேச்சு மூச்சில்லை.

அது சிங்காரத்தை உள்ளுக்குள் அறுத்துக்கொண்டிருந்தது. சொன்னது நியாயம்தான் என்று ஆகிவிட்டால் அறுப்பு நின்றுவிடும் என்று அவர் நம்பினார். டீச்சரிடம் வந்ததே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

"கூவுதுன்னீங்களே, அது என்ன சொல்லுது?"

"ராம் செத்துப்போச்சுங்குது."

"அப்படியா சொல்லுது?"

சிங்காரம் தலையைச் சொறிந்தார். "ராம் தெரியலைங்குது."

"அவ்வளவுதான் சொல்லுது."

"ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்?"

மரகதம் உள்ளே கைவிட்டார். ராமைக் கழற்றி சிங்காரத்தின் கையில் கொடுத்தார். அதன் தங்கப் பற்களை சிங்காரம் ரப்பர் வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தார்.

"இது நல்லதா கெட்டதான்னு தெரியணும்னா, ஓடுற மிஷின்ல மாட்டிப் பார்க்கணும். என்கிட்ட இருக்கறதெல்லாம் பழைய ரகம், இது பொருந்தாது. இதே ரகம் யாருகிட்ட இருக்கு?"

சிங்காரம் ராமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவன்கிட்டதான் இருக்கு."

"வாங்க, போவோம்."

"அவன் பேச மாட்டான் டீச்சர்."

"மிஷின் பேசுனாப் போதும்."

ஸ்டுடியோவில் வெள்ளைச்சாமி ஒரு கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். திரையில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தவர் எடுத்தபடியே உறைந்து நின்றார். வெள்ளைச்சாமி கன்னத்தில் கைவைத்துக் காத்திருந்தார். வெகு நேரம் கழித்து மாப்பிள்ளையின் கை ஒரு விரற்கடை நகர்ந்தது.

"வாங்க டீச்சர்" என்றார் வெள்ளைச்சாமி. பக்கத்தில் நின்ற ஆறடி உருவம் அவர் கண்ணில் படவே இல்லை.

"ஒரு ராமைச் சோதிக்கணும். உங்க மிஷினைக் கொஞ்ச நேரம் தர்றீங்களா?"

"தாராளமா."

மிஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினார்கள். "நீங்களே திறங்க அண்ணே" என்று மரகதம் ஒதுங்கிக்கொண்டார்.

சிங்காரம் திருகாணிகளைக் கழற்றி மூடியை எடுத்தார். உள்ளே குனிந்தவர் நிமிரவில்லை.

இரண்டு ஸ்லாட்டுகள். ஒன்றில் நீலக் கவசம் போட்ட ராம் நின்றது. மற்றது காலியாக இருந்தது. சிங்காரத்தின் கையில் இருந்ததும் நீலக் கவசம்தான். ஒரே கம்பெனி, ஒரே அளவு. ஒரே பெட்டியில் ஜோடியாக விற்கிற சாமான்.

"இதுலேருந்தா கழட்டினே?"

"பின்னே, மரத்துலேருந்தா பறிச்சேன்?"

"ஸ்பேர்னு சொன்னியேடா."

"சொல்லலைன்னா நீ வாங்கியிருப்பியா?" வெள்ளைச்சாமி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பத்திரிகை வேலையெல்லாம் கைநழுவிப் போகுதுன்னு டெய்லி பொலம்பினே. எனக்கு மெதுவா ஓடினாப் போதும்னு குடுத்தேன்."

சிங்காரத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அங்கிருந்து ஓடிவிடலாம் போல இருந்தது. கை தானாகவே ராமைக் காலி ஸ்லாட்டில் வைத்து அழுத்தியது. இரண்டு பக்கமும் கொக்கி 'டிக்'கென்று பூட்டிக்கொண்டது. சுவிட்சைப் போட்டார்கள். ஒரு கூவலும் இல்லை. மிஷின் இரண்டு ராமையும் கணக்கில் காட்டியது. வீடியோவை ஓடவிட்டதும், அதுவரை உறைந்து நின்ற மாப்பிள்ளை சட்டென்று தாலியைக் கட்டி முடித்தார். கெட்டிமேளம் கொட்டியது.

சிங்காரம் மூடியைக் கையில் எடுத்தார்.

"இது இங்கேயே இருக்கட்டும்" என்றார் சிங்காரம். "நான் வேற வாங்கிக்கறேன்."

வெள்ளைச்சாமி மிஷினை அணைத்து, ராமை உருவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "உன் மிஷின்ல ஓடுறதை நானே பார்க்கணும். இன்னொரு தடவை செத்துச்சுன்னா என்கிட்ட தனியா வந்து சொல்லு. கடைத்தெருவுல சொல்லாதே."

மூவரும் திரும்பி நடந்த வழியில் டீக்கடை வந்தது. சிங்காரம் நின்றார். கடை முன்னால் வழக்கமான ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வெள்ளைச்சாமி குடுத்த சாமான் நல்ல சாமான்தான். அன்னைக்கு நான் சொன்னது தப்பு."

டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அது என்ன சாமான்னு எனக்குத் தெரியாதுங்க. அவரு பாதி டீயை வெச்சுட்டுப் போனதுதான் தெரியும்."

சிங்காரம் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். தள்ளி நடந்துகொண்டிருந்த வெள்ளைச்சாமி இப்போது பக்கத்தில் நடந்தார்.

மறுபடியும் டீச்சரின் மேசை. வெள்ளைச்சாமி ராமைக் கொடுத்தார், சிங்காரம் மாட்டினார், சுவிட்சைப் போட்டார். கம்ப்யூட்டர் விட்டு விட்டுக் கூவியது.

சிங்காரத்தின் கண்கள் சிவந்தன. "அப்ப மதர்போர்டுதான் போச்சு! அதை வித்த மதுரைக் கடைக்காரன் ஏமாத்திட்டான். இருங்க, அவனை உண்டு இல்லைன்னு ஆக்கிடறேன்." போன் கைக்கு வந்துவிட்டது.

"அடுத்த ஆள் கிடைச்சிட்டான்" என்றார் வெள்ளைச்சாமி.

சிங்காரம் நம்பரைத் தேடிய விரலை நிறுத்தினார். போனைச் சட்டைப்பையில் போட்டார்.

மரகதம் ராமைக் கழற்றிவிட்டு ஒரு பூதக்கண்ணாடியை அவர் பக்கம் நகர்த்தினார். "ஸ்லாட்டுக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க."

சிங்காரம் குனிந்து பார்த்தார். ஸ்லாட்டின் பள்ளத்தில், மெல்லிய கம்பிகளுக்கு நடுவே, ஏதோ காய்ந்து அப்பியிருந்தது. கொஞ்சம் மஞ்சள். கொஞ்சம் சிவப்பு.

பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

அச்சகத்தில் வெள்ளிக்கிழமை தவறாமல் இயந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பழகிய கை அது. இரும்பு இயந்திரம், எங்கே வைத்தாலும் தாங்கும். புதுக் கம்ப்யூட்டருக்கும் சூடம் காட்டிப் பூஜை போட்டார். வெளியே தகரத்தில் வைத்தால் போதுமா, உயிர் இருக்கிற இடம் உள்ளேதானே என்று மூடியைத் திறந்து வைத்தார். ஒரு ஸ்லாட்டுக்கு வைத்து இன்னொன்றை விட்டால் நன்றாயிருக்காதே என்று இரண்டுக்கும் வைத்தார். அதன் பிறகுதான் ராமை மாட்டினார்.

"நான்தான் வெச்சேன்" என்றார் மெதுவாக. "நல்லா ஓடணும்னுதான் வெச்சேன்."

வெள்ளைச்சாமிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிங்காரத்துக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதோடு அவரும் சிரித்தார்.

மரகதம் ஒரு மெல்லிய பிரஷ்ஷையும் துடைக்கிற ஸ்பிரிட்டையும் எடுத்துக் கொடுத்தார். சிங்காரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தார். ஈரம் காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு ராமை மாட்டிச் சுவிட்சைப் போட்டார்.

ஃபேன் சுற்றியது. கூவல் வரவில்லை. திரை வெளிச்சமானது.

"பத்திரிகை அடி போ" என்றார் வெள்ளைச்சாமி. கம்ப்யூட்டரை அவரே தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

சிங்காரம் கதவருகே தயங்கினார். "டீச்சர், ஸ்லாட்டுல இருந்ததை நீங்க எப்பப் பார்த்தீங்க?"

"காலையில, மூடியைக் கழட்டினதுமே."

"அப்பவே சொல்லியிருந்தா அரை மணி நேரத்துல ஓடியிருக்குமே?"

மரகதம் வாசலைப் பார்த்தார். வெள்ளைச்சாமி கம்ப்யூட்டரை வண்டியில் வைத்து, ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"கம்ப்யூட்டர் மட்டும் ஓடியிருக்கும் அண்ணே" என்றார் மரகதம்.