காளான் ஆம்லேட்டும் காவித் துணியும்

"சாமி, நான் கடவுளப் பாத்துட்டேன். காவி குடுங்க."

எடுத்த எடுப்புல இப்படித்தான் ஆரம்பிச்சாரு ராசாங்கம். உசிலம்பட்டிப் பக்கம் புரோட்டா கடை வச்சிருக்காரு. அம்பது தாண்டின ஆளு. அவரு வயித்தச் சுத்திக் காவி கட்டணும்னா ஒத்த வேட்டி பத்தாது.

சருகு சாமி நிமிந்துகூடப் பாக்கல. மலையடிவாரத்துல, குடிசைக்கு முன்னாடி சருகு கூட்டிக்கிட்டு இருந்தாரு. எந்நேரமும் அதே வேலைதான், அதான் அந்தப் பேரு. ராசாங்கத்தவிட வயசுல ரொம்பச் சின்னவரு.

"எங்க பாத்தீங்க, கடைக்காரரே?"

"கொடைக்கானல் மேல்மலையில. போன மாசம் கடைய மூடிட்டு டூரு போனோம். அங்க ஒருத்தன் காளான் ஆம்லேட்டு போட்டுக் குடுத்தான். சாதாக் காளான் இல்ல சாமி."

"தெரியும், போதைக் காளான். சொல்லுங்க."

"தின்னு கொஞ்ச நேரம்தான். ஆத்தாடி! மரம் மூச்சு விடுது. பாறை மூச்சு விடுது. நானு, மரம், நாயி, பாறை எல்லாம் ஒண்ணு. 'நான்'னு ஒருத்தனே இல்ல சாமி!"

சொல்லும்போதே கைய ரெண்டையும் விரிச்சு, கண்ணச் சொருகி, கொக்கு கணக்கா ஒத்தக்கால்ல நின்னாரு. நல்லவேளை, சாமி மேல விழல.

பின்னாடி நின்ன செவனம்மா முந்தானைய வாயில அமுக்கிக்கிட்டா. சிரிப்ப அடக்குறான்னு நெனச்சீங்கன்னா, தப்பு.

ராசாங்கத்துக்குக் கழுத்த நீட்டுனவ அவ. பொண்டாட்டி வாயால 'சரி' வராம எந்தப் புருசனுக்கும் சருகு சாமி காவி குடுக்க மாட்டாரு. அந்தச் 'சரி'க்காகத்தான் ராசாங்கம் அவள இழுத்துட்டு வந்திருக்காரு. சொல்லிட்டான்னா, அன்னையிலருந்து அவ தனி.

சாமி விளக்குமாத்தக் கீழ போட்டாரு.

"ஏத்தா, நீயும் தின்னியா?"

"இல்ல சாமி. இவரு பள்ளத்துல போயி விழுந்துறாம, பொழுதுக்கும் சட்டையப் புடிச்சுக்கிட்டு நின்னேன்."

"என்ன பண்ணாரு?"

"மன்னிப்புக் கேட்டாரு."

"யாருகிட்ட?"

"மொதல்ல தைலமரத்துகிட்ட. கட்டிப் புடிச்சு, 'உன் தோல உரிச்சுப்புட்டாய்ங்களேடா தம்பி'ன்னு ஒரே அழுகை. அப்புறம் ஒரு நாயி. கடை வாசல்ல படுக்குற நாய்க்கெல்லாம் வெந்நிய ஊத்துவாரு, அதுக்காக. அது பயந்து ஓடுது, இவரு பின்னாடியே தவந்து போறாரு. 'யப்பா, நில்லுப்பா, மன்னிச்சிருப்பா!' அதுவும் முடிஞ்சு, ஆம்லேட்டுக்காரன் வீசுன முட்டை ஓட்டப் பொறுக்கி, கண்ணுல ஒத்திக்கிட்டு, அதுகிட்டயும் கேட்டாரு."

ராசாங்கத்துக்குப் பெருமை தாங்கல. "பாத்தீங்களா சாமி! ஒரு உசுர விடல!"

சாமி அவரு பக்கம் திரும்பல.

"உங்கிட்ட?"

செவனம்மா முந்தானைய விட்டா.

"எங்கம்மா செத்த அன்னைக்கு, கடையில கூட்டம்னு இவரு என்னைய விடல சாமி. எச்சி எல எடுத்து, மேச தொடச்சு, கூட்டம் ஓஞ்சப்புறம்தான் போனேன். தூக்கிட்டாங்க. மொகத்தப் பாக்கல."

முந்தானைய இழுத்து இடுப்புல சொருகுனா.

"முட்டை ஓட்டுக்கே கேக்குறாரே, எனக்கும் வரும்னு நின்னேன்."

"வந்துச்சா?"

"எம்பக்கம் திரும்புனாரு. எம்மொகத்தையே ரொம்ப நேரம் பாத்தாரு. கண்ணு பூரா தண்ணி. இந்தா கேக்கப் போறாருன்னு கிட்டப் போனேன் சாமி."

"என்ன சொன்னாரு?"

"'கடைய யாருடி பாக்குறா?'ன்னாரு."



சாமி இப்பத்தான் ராசாங்கத்தப் பாத்தாரு.

"கடைக்காரரே, இன்னைக்கு நீங்க காளான் திங்கல. இவ இந்தா நிக்கிறா."

ராசாங்கம் திரும்புனாரு. பொண்டாட்டி மொகத்தப் பாத்தாரு.

செவனம்மா மூச்சு விடாம நின்னா.

"என்னடி மரம் மாதிரி நிக்கிற? சாமி கேக்குறாருல்ல, சரின்னு சொல்லித் தொலையேன்."

"சரி"ன்னா செவனம்மா. "காவி குடுத்தாலும் சரி சாமி, குடுக்காட்டாலும் சரி."

பஸ்ஸு நிக்கிற பக்கம் நடந்தா. தனியா.