எழுந்து நின்ற சிங்காரி

கருங்காலிப்பட்டி ஜமீன்தாரின் லாயத்தில் குப்பாண்டி, சடையன், ஒச்சப்பன் என்று மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூவரில் யோசிக்கத் தெரிந்தவன் குப்பாண்டி. ஆபத்தே அதில்தான் இருந்தது.

ஜமீன்தார் உயிராக வளர்த்த சிங்காரி என்ற குதிரை திடீரென்று செத்துப்போனது. "அதன் எலும்பையாவது கூடத்தில் நிக்க வைங்கடா. ஒரு எலும்பு குறைஞ்சாலும் ஒருத்தனும் ஊர்ல இருக்கக்கூடாது" என்று அழுதுகொண்டே உத்தரவு போட்டார்.

மிருக வைத்தியர் தேவசகாயம் வழி சொன்னார். "சதையை அறுத்துட்டு எலும்பைத் தொட்டியில ஊறப்போடுங்க. தண்ணியை மாத்திக்கிட்டே இருங்க. அப்புறம் வெயில்ல காய வைங்க. நாய் தூக்கிட்டுப் போகாமப் பாத்துக்கங்க. ஒண்ணு விடாம நம்பர் போட்டுக் கம்பியால கட்டி நிறுத்துங்க." சொன்னவர் ரயிலேறிவிட்டார்.

லாயத்தில் இரண்டு தொட்டிகள் இருந்தன. எலும்பு ஊறிய தண்ணீரை அடுத்த தொட்டிக்கு மாற்றினார்கள்; மறுபடி அதையே இதற்கு மாற்றினார்கள். காக்காய்கூட அந்தப் பக்கம் பறக்கவில்லை.

"இத்தனை தடவை மாத்தியும் நாறுதே?" என்றான் சடையன்.

"தண்ணியும் எவ்வளவுதான் அலையும்? களைச்சுப் போச்சு" என்றான் குப்பாண்டி.

ஒருவழியாக எலும்புகளை வெயிலில் பரப்பிக் காவல் இருந்தார்கள். ஒரு நாய் வந்து பின்னங்கால் எலும்பைக் கவ்வியது. ஒச்சப்பன் கம்பை ஓங்கினான். குப்பாண்டி அவன் கையைப் பிடித்தான்.

"பொறுடா. அது எங்க தூக்குது? இழுத்துக்கிட்டுல்ல போகுது."

"வேலிகிட்டப் போனதும் தூக்குமோ?"

"தூக்கினா அடி."

நாய் வேலிக்கு அடியில் நுழைந்து போய்விட்டது. "சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்ட நாய்" என்று ஒச்சப்பன் மெச்சினான்.

அடுத்தது நம்பர். ஒண்ணை விடக்கூடாது என்பது வைத்தியர் வாக்கு. ஆகவே மண்டை ஓடு முதல் வால் நுனி வரை எல்லா எலும்பிலும் கரியால் 'ஒன்று' என்றே எழுதினார்கள். அப்புறம் எதை எங்கே கட்டுவது? கை போன இடத்தில் கட்டினார்கள். கால் குறைந்த இடத்தில் ஓர் உலக்கையைச் சொருகினார்கள்.

ஜமீன்தார் பார்க்க வந்தார். சிங்காரியின் தலை பின்பக்கம் திரும்பியிருந்தது. கட்டித் தயாராக வைத்திருந்த துணிமூட்டையைக் குப்பாண்டி கையில் எடுத்தான்.

ஜமீன்தாரின் கண் நிறைந்தது. "என் கண்ணு! எப்படி இளைச்சுப்போச்சு! கொள்ளு வைக்கிறீங்களா இல்லையாடா?"

குப்பாண்டி மூட்டையைக் கீழே வைத்தான். "வேளை தவறாம ஊட்டுறோம் எஜமான். வயித்துல தங்கமாட்டேங்குது. போட்டதும் அப்படியே கீழ கொட்டிடுது."

"அடப்பாவி, பேதிடா அது! ஓடு, சுக்குக் கஷாயம் வை!"

கஷாயம் கொதிக்கக் கொதிக்க வந்தது. நாக்கு சுட்டுவிடப் போகிறது என்று ஜமீன்தாரே ஊதி ஊதிக் கொடுத்தார்.