மேபல் சீமாட்டி வைத்த விருந்து

வெயில் என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாத இங்கிலாந்து சீமையை, ரொம்பக் காலத்துக்கு முன்னாலே ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் கடைசியாக யார் காதிலே பேசினார்களோ அவர்கள் பேச்சுத்தான் அவருக்கு வேதம். காலையிலே ஒருத்தனுக்கு மாலை போடுவார், மத்தியானம் அவனையே சிறையிலே போடுவார், சாயங்காலம் "ஆளைக் காணோமே" என்று தேடுவார்.

அந்தச் சீமைக்கு வடக்கே ஸ்காட்லாந்து. நடுவிலே ஒரு ஆறு. இக்கரையிலே கருங்கல் கோட்டை கட்டிக்கொண்டு எல்லையைக் காத்து வந்தவர் ராண்டல் பிரபு. பிரபு என்றதும் பட்டு மெத்தை, பன்னீர் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே விளைகிறது ஓட்ஸ் ஒன்றுதான், அதிலும் பாதி மழையோடு போகும். அக்கரைக்காரன் வந்து இவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போவான். இவர் போய் அவன் மாட்டை ஓட்டிக்கொண்டு வருவார். ரெண்டு கரைக்கும் பிழைப்பே அப்படித்தான்.

அந்த வருஷம் ராஜா ஸ்காட்லாந்தோடு சமாதானம் பண்ணிக்கொண்டார். இனி எவனாவது அக்கரை மாட்டைத் தொட்டால் அவன் கோட்டை பறிபோகும் என்று உத்தரவு. ராண்டல் அதை அப்படியே கேட்டு நடந்தார். அதனாலே தொழுவமும் காலியாகி, வீட்டிலே கறியும் தீர்ந்து, பிள்ளைகள் மூணு வேளையும் ஓட்ஸ் கஞ்சிதான் குடித்தார்கள்.

அரண்மனையிலே ஆஸ்பர்ட் என்று ஒரு பிரபு இருந்தான். அவனுக்குக் குதிரை ஏறினால் இடுப்பு வலிக்கும், உட்கார்ந்து கோள் சொன்னால் ஒன்றும் வலிக்காது. ராண்டல் கோட்டைமேலே அவனுக்கு வெகுநாளாகக் கண். அவன் ராஜாவிடம் போய், ராண்டல் வீட்டுக்கு விருந்துக்குப் போகச் சொன்னான். தட்டிலே கறி இருந்தால் அது அக்கரைத் திருட்டு மாடு. இல்லாவிட்டால் ராஜாவையே பட்டினி போட்ட குற்றம். எப்படியும் கோட்டையைப் பறித்துத் தனக்குக் கொடுத்துவிடலாம் என்றான். ராஜாவுக்கு இது நல்ல விளையாட்டாகத் தோன்றியது. பரிவாரத்தோடு விருந்துக்கு வருகிறேன், கறி இருக்கட்டும் என்று ஆள் அனுப்பிவிட்டார்.

ராண்டல் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். "வெச்சா திருடன், வெக்காட்டி துரோகி. இந்தக் குளிர்ல புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்கே போவேன் மேபல்?"

அவர் பெண்சாதி மேபல் அடுப்பிலிருந்த கஞ்சியை இறக்கி வைத்தாள். "நீங்க போய்த் தாடியைச் சீவுங்க. பந்தியை நான் பார்த்துக்கிறேன்" என்றாள்.

சொன்ன நாளிலே ராஜா வந்து, ராண்டல் உட்காருகிற தலைமை ஆசனத்திலே உட்கார்ந்தார். பக்கத்திலே ஆஸ்பர்ட். இந்தச் சுவரை இடித்துவிடலாம், அந்த மூலையிலே என் வேட்டை நாய்களைக் கட்டலாம் என்று இப்போதே பேச ஆரம்பித்துவிட்டான்.

மேபல் மூடிபோட்ட வெள்ளித் தட்டைக் கொண்டுவந்து ராஜா முன்னாலே வைத்தாள். ராஜா நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு ஜோடி குதிமுள். சவாரி போகிறவர்கள் காலிலே கட்டிக் குதிரையை விரட்டுவார்களே, அந்த இரும்பு முள். சுற்றிலும் பச்சைத் தழை வைத்து அலங்காரம் வேறு.

"ராஜாவுக்கு இரும்பா பரிமாறுறது? பறிச்சிடுங்க மகாராஜா, கோட்டையை இப்பவே பறிச்சிடுங்க" என்று துள்ளினான் ஆஸ்பர்ட்.

ராஜாவின் முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா இது?"

"எங்க எல்லைக் குடும்பங்கள்ல இது வழக்கம் மகாராஜா" என்றாள் மேபல். "கறி தீர்ந்துபோச்சுன்னா பொம்பளைங்க வாய் திறந்து சொல்லமாட்டோம். தலைமை ஆசனத்துல இருக்கிறவர் முன்னாடி குதிமுள்ளை வெச்சிடுவோம். அவர் எடுத்துக் கட்டிக்கிட்டுப் போய் மாடு கொண்டுவரணும். இன்னிக்கு அந்த ஆசனத்துல நீங்க இருக்கீங்க. உங்க வார்த்தைக்குக் கட்டுப்பட்டு என் வீட்டுக்காரர் இதைத் தொடலே. நீங்க எடுத்தா கறி உண்டு, சமாதானம் போச்சு. எடுக்கலேன்னா எங்க புள்ளைங்க குடிக்கிற கஞ்சி இருக்கு. ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

ராஜா குதிமுள்ளைக் கையிலே எடுத்தார், மறுபடி தட்டிலேயே வைத்தார். "என் உத்தரவையே என் தட்டுல வெச்சிட்டியேம்மா" என்றார். அப்புறம் ஆஸ்பர்ட் பக்கம் திரும்பினார். "கோட்டை வேணும்னு கேட்டியே. ஆசனத்துல வந்து உட்காரு. இந்த எல்லையில வசூல், வேட்டை எல்லாம் அப்புறம். முதல்ல இதைக் கட்டிக்க. அக்கரைக்காரன் உன் மாட்டை ஓட்டிக்கிட்டுப் போனா, எப்படித் துரத்திப் போவேன்னு அந்த மேட்டுவரைக்கும் ஓட்டிக் காட்டு, பார்ப்போம்."

ஆஸ்பர்ட் ஜன்னல் வழியாகப் பார்த்தான். வெளியே சேறும் பனியும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஈட்டியோடு நாலைந்து பேரும் தெரிந்தார்கள். தனக்கு அன்றைக்கு விரதம் என்று முனகினான். ராஜா விழுந்து விழுந்து சிரித்தார்.

கோட்டை ராண்டலுக்கே என்று அங்கேயே சொல்லிவிட்டார். எல்லைக்காரர் வீட்டுப் பானையைக் காலியாக வைத்துக்கொண்டு சமாதானம் நிலைக்காது என்பதும் அவருக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அதனாலே குளிர்காலம் வந்தால் ஆஸ்பர்ட் தன் பண்ணை மாடுகளைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து இந்த வீட்டிலே விடவேண்டும் என்று தீர்ப்பு. அப்புறம் பிள்ளைகளுக்கு நடுவிலே உட்கார்ந்து கஞ்சி குடித்தார். ரெண்டாம் தரமும் கேட்டு வாங்கினார்.

புறப்படும்போது, இன்னும் ஏதாவது வேண்டுமா என்று மேபலைக் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு மகாராஜா. அடுத்த தடவை மாடு முன்னாலே வரட்டும், நீங்க பின்னாலே வாங்க."