ரப்பர் கையின் நாடி

ஒரு ஊரிலே ஒரு நர்சிங் கல்லூரி இருந்ததாம். அங்கே உடலியங்கியல் பேராசிரியர் திருமேனிநாதன் சொன்னதுதான் சட்டம். செய்முறைத் தேர்வில் நோயாளியின் நாடி தொண்ணூற்றாறு என்றாள் மாணவி செங்கமலம். கட்டைவிரலை வைத்து எண்ணிய பேராசிரியர், "எழுபத்திரண்டு. நீ ஃபெயில்" என்றார்.

"அந்தப் புள்ள எண்ணினது சரிங்க சார்," என்றாள் ஆய்வகம் கூட்டும் பவுனம்மாள்.

"அப்படின்னா என் எண்ணிக்கை தப்புன்னு காட்டு. இல்லேன்னா நீயும் வேலையை விட்டுப் போ."

பவுனம்மாள் திரைக்குப் பின்னால் போனாள். துணி சுற்றிய ஒரு கை வெளியே நீண்டது. "இதையும் பாருங்க சார்."

கடிகாரத்திலேயே கண்ணை வைத்துக் கட்டைவிரலால் எண்ணினார். "இதுவும் எழுபத்திரண்டுதான்."

திரையை விலக்கினாள். ஊசி போட்டுப் பழகும் ரப்பர் கை அது.

"கட்டைவிரல்ல நம்ம துடிப்பே தெரியும், அதை வைக்காதீங்கன்னு வருசாவருசம் பாடம் நடத்துறது நீங்கதானே சார்? கூட்டிக்கிட்டே நானும் கேட்டிருக்கேன்."

பேராசிரியர் மதிப்பெண்ணைத் திருத்திக் கையெழுத்திட்டார். பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தபடியே நடந்து போனார்.