அழுகைக்கு நட்ட எல்லைக்கல்

ஏரியும் வயலுமாய்ச் செழித்துக் கிடந்த வெண்ணாவல் நாட்டை முன்னொரு காலத்தில் கீர்த்திவல்லபன் என்று ஒரு ராஜா ஆண்டான். நல்ல மனுஷன்தான். ஆனால் தன்னைப் பற்றி யார் என்ன சொன்னார்கள் என்று கேட்காமல் அவனுக்குச் சோறு இறங்காது. புகழ்ந்தால் ஊரையே தூக்கிக் கொடுப்பான், குறை சொன்னால் ஊரை விட்டே துரத்துவான். அவனுடைய உத்தரவுகளை எழுதும் ஓலைநாயகம் ஆதிமூலத்துக்கு இது மிகவும் வசதியாகப் போயிற்று.

ஒரு நாள் அவர் காத்தாயி என்ற பெண்ணைச் சபையில் கொண்டுவந்து நிறுத்தினார். அழுது அழுது அவள் கண் வீங்கியிருந்தது.

"மகாராஜா, ஏரிக்கரை உடைந்தபோது இவள் புருஷன் வீரணன் வெள்ளத்தோடு போய்விட்டான். போன உயிர் அந்த ஒன்றுதான். அதற்கு ஒப்பாரி வைக்கிறேன் என்று தங்களை வைகிறாள்!"

"என்னவென்று?"

ஆதிமூலம் ஓலையைப் பிரித்து ராகமில்லாமல் படித்தார்.

"ஆனைக்குப் பட்டெடுத்தான்,
அன்னத்துக்குக் கூடு வச்சான்,
ஏரிக் கரைக்கு மட்டும்
ஒரு கூடை மண் போடலியே!"

போன வாரம்தான் ராஜா தன் அன்னத்துக்கு வெள்ளிக் கூடு செய்து வைத்திருந்தான். சுருக்கென்று தைத்தது. "நாளைக்கே இவளை நாடு கடத்துங்கள்!"

காத்தாயி கைகூப்பினாள். "போறேன் சாமி. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும். அதுவரைக்கும் அவரு வீட்டைச் சுத்தித்தான் இருப்பாரு. நான் இல்லேன்னா யாரைத் தேடுவாரு?"

ராஜாவின் மனசு கொஞ்சம் இளகியது. அதை மறைத்துக்கொண்டு மந்திரி இருளப்பரைப் பார்த்தான். "பேச்சுக்கு ஓர் எல்லை வேண்டாமா, மந்திரியாரே?"

"கட்டாயம் வேண்டும் மகாராஜா. எது எல்லை என்று ஓலைநாயகமே சொல்லட்டும்."

ஆதிமூலம் மீசையை நீவினார். "தெருவுக்குள் கேட்டால் துக்கம். தெருவைத் தாண்டிக் கேட்டால் ராஜ நிந்தனை."

"அருமை!" என்றார் இருளப்பர். "வயலுக்குக் கல் நடுகிறோம், அழுகைக்கும் நட்டுவிடுவோம். இவள் வீட்டுக்குப் போய் அழட்டும். மகாராஜாவே நடந்து பார்க்கட்டும். சத்தம் எங்கே நிற்கிறதோ அங்கே கல். அது இவள் தெருவுக்குள் விழுந்தால் மன்னிப்பு. தாண்டினால் இவளும் போகட்டும், இவளுக்காகப் பந்தயம் கட்டும் நானும் போகிறேன்."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். உடனே எழுந்துவிட்டான்.

காத்தாயி தயங்கினாள். "சொன்னதும் அழுகை வருமா சாமி?"

"வீட்டுக்குப் போம்மா. வீரணன் செருப்பு வாசலில்தானே கிடக்கும்?" என்றார் இருளப்பர்.

கிடந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு வந்துவிட்டது.

ராஜா நடந்தான். பின்னால் நான்கு பேர் கல்லைச் சுமந்து வந்தார்கள். தெருமுனை வந்தது, சத்தம் நிற்கவில்லை. ஆதிமூலத்துக்கு வாயெல்லாம் பல். "தாண்டிவிட்டது மகாராஜா!"

"குரல் வேறாக இருக்கிறதே," என்றான் ராஜா. அங்கே ஒரு தாய், மாயாண்டி மாயாண்டி என்று பெற்ற பிள்ளையைக் கூப்பிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"நம் பெண்களின் வழக்கம்தானே மகாராஜா? ஒருத்தி அழுதால் அடுத்தவளுக்குத் தன் வீட்டுச் சாவு ஞாபகம் வந்துவிடும்," என்றார் இருளப்பர்.

"இவள் வீட்டில் எப்போது சாவு?"

"அதே உடைப்பில்தான்."

ராஜா ஆதிமூலத்தைத் திரும்பிப் பார்த்தான். "ஓர் உயிர் என்றீரே?" ஆதிமூலம் கல் சுமந்தவர்களுக்குப் பின்னால் நழுவினார்.

அடுத்த தெருவில் ஒருத்தி அண்ணனை நினைத்து அழுதாள். ராஜா செருப்பைக் கழற்றிவிட்டான். வீரணனிலிருந்து தொடங்கி, வீட்டுக்கு வீடு விரல் மடக்கிக்கொண்டே போனான். பத்து விரலும் மடங்கின. பதினோராவது வீட்டுக்கு மடக்க விரல் இல்லை.

வீடுகள் முடிந்து ஏரிக்கரை வந்தது. உடைப்பின் ஓரத்தில் காற்று மட்டும்தான்.

"இங்கே கேட்கவில்லை," என்றான் ராஜா மெதுவாக.

"அப்படியானால் எல்லை இதுதான் மகாராஜா. கல்லை இங்கேயே போடச் சொல்லுங்கள். நான் தோற்றேன், போய் மூட்டை கட்டுகிறேன்."

உடைப்பை அடைக்க ஊரார் கொண்டுவந்த வைக்கோல் பிரிகள் சேற்றோடு சேறாகக் கிடந்தன. அவற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தண்ணீருக்குக் குறுக்கே நின்ற பதினோரு பேரை ராஜா நினைத்துப் பார்த்தான். தான் ராஜா என்பதையும் மறந்து தேம்பி அழுதான்.

பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினான். கல்லுக்குத் தானும் தோள் கொடுத்து உடைப்புக்குள் இறக்கினான். முதல் கூடை மண்ணையும் அவனே போட்டான்.

"எல்லை எனக்குத்தான் மந்திரியாரே, அவர்கள் வாய்க்கு இல்லை. இந்தக் கரை நிற்கிறவரைக்கும்தான் நான் ராஜா," என்று சொல்லி, தன் முத்துமாலையை இருளப்பர் கழுத்தில் போட்டான். "ஆதிமூலம், என்ன பார்க்கிறீர்? கூடையை எடும்!"

பதினாறாம் நாள் ராஜா காத்தாயி வீட்டு வாசலில் வந்து நின்றான். அவள் அவனைப் பார்த்தாள். பார்த்தும் பயப்படாமல் பாடினாள்.

"போட்டான் மகராசன்
பொழுது போன பின்னாலே!
கட்டின கரை நிக்குது, என்னைக்
கட்டினவர் நிக்கலியே!"

மண் சுமந்து காய்த்த கையில் எழுத்தாணியைப் பிடித்துக்கொண்டு ஆதிமூலம் ராஜாவின் முகத்தைப் பார்த்தார்.

"எழுதும்," என்றான் ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒரு வரிகூட விடாமல் எழுதும். நாளைக்குச் சபையில் படிக்க வேண்டும். இந்தத் தடவை ராகத்தோடு."