ஆறு தள்ளிய இடம்

ஐயம்பெருமாள் முப்பத்தைந்து வருஷம் சர்வேயராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் புகைப்படம் கற்றுக்கொள்ள வந்தார். கற்றுக்கொடுக்கும் மெர்லினுக்கு அவர் மகள் வயது. முதல் நாளே அவளை டீச்சர் என்று அழைத்தார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். அவர் விடவில்லை.

அம்பாசமுத்திரத்துக்கு மேலே, பாறைகளுக்கு நடுவில் ஆறு இறங்கும் இடத்துக்கு இருவரும் காலையிலேயே வந்துவிட்டார்கள். மெர்லினின் மாணவர்கள் வைக்கும் கண்காட்சிக்கு எல்லோர் படமும் முடிவாகிவிட்டது. பாக்கி அவருடையது மட்டும்தான். ஓடும் தண்ணீர்தான் வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கிய தலைப்பு. நான்கு முறை எடுத்துக் காட்டினார். நான்கு முறையும் அவள் உதட்டைப் பிதுக்கினாள். நாளை அணையை மூடுகிறார்கள். அப்புறம் ஆனி வரை வெறும் பாறை.

"இன்னைக்கு எடுக்காமப் போகமாட்டேன் டீச்சர்."

"பிடிவாதமா சார்?"

"பிடிவாதம்தான்."

கரையில் கேமரா முக்காலியை விரித்தார். அதன் கால்களை ஒவ்வொன்றாக மிதித்து மண்ணில் இறக்கினார். மட்டம் காட்டும் குமிழி நடுவுக்கு வரும்வரை திருகினார். சர்வேயில் கருவியை ஊன்றி நிறுத்திவிட்டால் வேலை முடியும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கிறவன் ஒருமுறை தெரியாமல் இடித்துவிட்டான் என்று நாள் முழுக்க அவனோடு பேசாமல் இருந்தவர்.

எடுத்ததைக் காட்டினார். இடது பக்கம் மருதமரம், வலது பக்கம் கல்மண்டபம், மேலே வானம். நடுவில் பஞ்சு மாதிரி வெள்ளையாகத் தண்ணீர்.

"கோணல் இருக்கா பாருங்க."

"ஒரு நூல்கூட இல்ல."

"மூணுல ஒரு பங்கு வானம். நீங்க சொன்ன கணக்கு."

"சரியா இருக்கு சார்."

"பின்ன என்னதான் குறை? ஓடுற தண்ணிய எப்படிப் படத்துக்குள்ள வைக்கிறது? அதையாவது சொல்லுங்களேன்."

மெர்லின் கேமராவோடு முக்காலியைத் தூக்கி மடக்கினாள்.

"ஐயையோ, தொட்டுட்டீங்களே!"

"பேன்ட்டைச் சுருட்டிக்கிட்டு அக்கரைக்குப் போய்ட்டு வாங்க சார்."

"கேமரா?"

"அது என்கிட்ட இருக்கட்டும்."

இறங்கினார். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. காலடியில் பாசி வழுக்கியது. பாதி வழியில், இரண்டு பாறைகளுக்கு இடையே, ஆறு அவரை ஒரே தள்ளாகத் தள்ளியது. பாறையைக் கட்டிக்கொண்டார்.

கரையிலிருந்து சிரிப்பு கேட்டது.

"விழுந்தா யாரு தூக்குவா?" என்று கத்தினார்.

"நான் படம் எடுப்பேன்!"

திரும்பும்போதும் அதே இடத்தில் தள்ளியது. இந்த முறை உடம்பை ஒருக்களித்து, விரல்களை ஊன்றிக் கடந்தார்.

"எங்க தள்ளுச்சு?" என்றாள்.

யோசிக்காமல் கையை நீட்டினார்.

அவள் அவருடைய படத்தைத் திரையில் வைத்துக் காட்டினாள். "இதுல அது எங்க?"

தேடினார். மருதமரத்தின் வேருக்குப் பின்னால், ஓர் ஓரத்தில், நகத்தளவு தெரிந்தது.

கேமராவையும் முக்காலியையும் வாங்கிக்கொண்டு மறுபடி இறங்கினார். அந்த இடத்துக்குச் சற்றுக் கீழே ஊன்றினார். வேகத்தில் முக்காலி நடுங்கியது. குமிழி ஓரிடத்தில் நிற்கவில்லை. அதைப் பார்ப்பதை விட்டுவிட்டு, சட்டை நனையக் குனிந்தார். திரையிலிருந்து மரம் போயிற்று. மண்டபம் போயிற்று. வானமும் போயிற்று.

"போதும் சார், ஏறி வாங்க" என்று இரண்டு முறை கூப்பிட்டாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வெயில் பாறைமேல் ஏறிய பிறகுதான் கரைக்கு வந்தார்.

படத்தில் இடது ஓரமாக ஒரு கரும்பாறை. அதில் மோதி முறுக்கிக்கொண்டு வலப்பக்கம் பாயும் தண்ணீர். அதற்கு அப்பால் ஒன்றுமில்லை.

மெர்லின் வெகுநேரம் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கவில்லை. அவருக்குத்தான் பொறுக்கவில்லை.

"வலது பக்கம் பாதிக்கு மேல காலியாக் கிடக்கு டீச்சர். படத்துக்கு வெளிய ஒரு சின்னப் பாறை இருக்கு. இன்னொரு தடவை இறங்கி அதையும் உள்ள கொண்டுவந்து அடைச்சிரட்டுமா?"

படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் கேட்டாள்.

"அடைச்சிட்டா தண்ணி எங்க போகும் சார்?"