கடைசி வரிசையில் இருவர்

மாநாடு என்றதும் ஆறுமுகநயினாருக்கு இன்றும் முதலில் நினைவுக்கு வருவது குளிர்தான். அந்த ஐரோப்பிய நகரத்தில் அது பனிக்காலம். யாரோ இரவல் கொடுத்த கோட்டுக்குள் அமலோற்பவம் பாதி மறைந்துபோயிருந்தார். கோட்டுக்குக் கீழே நூல்சேலை, காலில் நயினாருடைய கம்பளிக் காலுறை. பதினான்கு வருஷம் ஆகிவிட்டது. அந்த நான்கு நாட்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நயினாரின் குரல் தானாகத் தணிந்துவிடும்.

நயினார் பொருளாதாரப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அமலோற்பவம் அவரைவிடப் பதினேழு வயது இளையவர். ஐந்தாம் வகுப்பு வரை படித்துவிட்டு உப்பளத்தில் இறங்கியவர், பிறகு உப்பளப் பெண்கள் சங்கத்துக்குத் தலைவரானவர். சங்கத்துக்கு மனு எழுதிக் கொடுக்கப் போன நயினார் அங்கேயே தங்கிவிட்டார். அமலோற்பவத்தை விளையாட்டாக ‘டீச்சர்’ என்று கூப்பிடத் தொடங்கினார். ஒரு வருஷத்துக்குள் அதில் விளையாட்டு இல்லாமல் போயிற்று.

அவர்கள் ஊருக்கு வெளிநாட்டு வங்கிக் கடனில் ஒரு கடற்கரைச் சாலை வந்தது. உப்பளத்துக்குக் கடல்நீர் கொண்டுவரும் ஓடையை மண் போட்டு மூடினார்கள். அறுநூறு பெண்களுக்கு அந்த வருஷம் வேலை இல்லை. சாலை வரப்போகிறது என்பதே மண் லாரி வந்து நின்ற அன்றுதான் அவர்களுக்குத் தெரியும். அடுத்து, மீதி உப்பளங்களுக்கு நீர் கொண்டுவரும் இன்னொரு ஓடைப் பக்கமாகச் சாலையின் இரண்டாம் பகுதி வர இருந்தது.

ஏழை நாடுகளின் வளர்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வர வேண்டும், எந்த நிபந்தனையில் வர வேண்டும் என்று பேச உலக நாடுகள் கூடிய மாநாடு அது. அதன் அறிக்கையில் ஒரு வரி இருந்தது. திட்டம் வரும் இடத்து மக்களிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும் என்ற வரி. அதை எடுத்துவிடச் சில நாடுகள் முயல்வதாகக் கேள்விப்பட்டுத்தான், பல தேசத்து மக்கள் அமைப்புகளோடு இவர்களும் போயிருந்தார்கள். எல்லோர் சார்பிலும் அமலோற்பவம் மூன்று நிமிடம் பேசுவதாக ஏற்பாடு. நயினார் இரண்டு மாதம் உட்கார்ந்து அந்தப் பேச்சை எழுதியிருந்தார்.

மக்கள் அமைப்புக்காரர்களுக்கு மஞ்சள் அட்டை. மஞ்சள் அட்டைக்குக் கடைசி வரிசை. ஓட்டு கிடையாது. காதில் மாட்டும் கருவியில் ஆறு மொழிகள் வந்தன, தமிழ் வரவில்லை. நயினார் குனிந்து காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தார். யார் பேசினாலும் அமலோற்பவம் இரண்டே கேள்வி கேட்பார். அவர் பேர் என்ன, அவர் என்ன சொல்கிறார். பதிலைப் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எழுதிக்கொள்வார்.

பத்தரை மணிக்குக் காப்பி இடைவேளை. ஊரில் அப்போது மதியம் மூன்று. வேலை முடிந்த பெண்கள் சங்கக் கட்டடத்தில் கூடியிருப்பார்கள். அமலோற்பவம் நடைபாதை ஓரமாக நின்று, செல்போனில் நோட்டை வாசிப்பார். இன்ன நாட்டு இன்னார் இப்படிச் சொன்னார். தன் பங்குக்கு ஒரு சொல்கூடச் சேர்க்கமாட்டார்.

மூன்றாம் நாள் காலை மேடையில் ஓர் அறிவிப்பு வந்தது. நேரம் போதவில்லை, மக்கள் அமைப்புகள் தங்கள் பேச்சை எழுத்தில் கொடுத்துவிடலாம்.

நயினார் எழுதிவைத்திருந்த பேச்சை மடித்துப் பைக்குள் போட்டார். முப்பது வருஷம் பாடம் நடத்தியவன், இப்படி வாயைக் கட்டி உட்காரவைக்கப்பட்டதில்லை என்றார். இன்றைக்கே ஊருக்குப் போய்விடலாம் என்றார். அமலோற்பவம் மேடையைப் பார்த்தபடி இருந்தார்.

“ஓட்டும் இல்லை, பேச்சும் இல்லை. நமக்கு இங்கே என்ன வேலை டீச்சர்?”

“இப்ப பேசுதாரே, அவரு என்ன சொல்லுதாரு சார்?”

பேசியவர் ஒரு பணக்கார நாட்டின் பிரதிநிதி, நரைத்த தாடிக்காரர். அந்த வரி வேண்டாம் என்றார். ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை நடக்காது, தாமதத்தால் நஷ்டப்படுவது அந்த ஏழைகள்தான் என்றார். நயினார் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அமலோற்பவம் எழுதிக்கொண்டார்.

இடைவேளையில் காப்பிக்கு நின்ற அந்த மனிதரிடம் நேராகப் போய்க் கும்பிட்டார். நீங்கள் பேசியதை எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சொல்ல வேண்டும், தப்பாகச் சொல்லிவிடக் கூடாது, சரிபார்த்துத் தருவீர்களா என்று நயினார் மூலம் கேட்டார். நோட்டில் இருந்ததை இருந்தபடி வாசித்தார்.

தாடிக்காரர் முழுதும் கேட்டார். தான் சொன்னது அதுதான் என்றார். கொஞ்சம் பொறுத்து, அப்படியே அதுதான் என்றும் சொல்ல முடியாது என்றார்.

அமலோற்பவம் ஊருக்குப் போன் போட்டு, செல்போனை அவரிடம் நீட்டினார். எங்கள் பெண்கள் கூடியிருக்கிறார்கள், நீங்களே சொல்லிவிட்டால் நல்லது என்றார். அமலோற்பவத்தின் முகத்தில் கேலி இல்லை. தாடிக்காரர் மறுக்கத் தெரியாமல் வாங்கினார். தன் பெயரையும் நாட்டையும் சொன்னார். நயினார் அதைத் தமிழில் சொன்னார். அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

“சாப்ட்டியளாய்யா?”

நயினார் மொழிபெயர்த்தார். இல்லை, இனிமேல்தான் என்றார் தாடிக்காரர். தான் பேசியதைச் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காப்பியை எடுக்காமலே உள்ளே போனார்.

கடைசி நாள் அறிக்கையை வரிவரியாக வாசித்தார்கள். அந்த வரி வந்தபோது வேறு ஒரு நாடு எதிர்த்தது. தாடிக்காரர் கை தூக்கவில்லை. ‘இயன்றவரை’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து, வரியை விட்டுவைத்தார்கள். யாரையும் கேட்காமல் தப்பித்துக்கொள்ள அந்த ஒரு சொல் போதும் என்றார் நயினார். வாசலில் தாடிக்காரர் தேடிவந்து, சாப்பிட்டீர்களா என்று கேட்ட பெண்ணின் பெயர் என்ன என்று விசாரித்தார். ரோணிக்கம் என்று அமலோற்பவம் சொன்னார். அவர் அதை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எட்டு மாதம் கழித்து, சாலையின் இரண்டாம் பகுதி வரைபடத்தோடு இரண்டு அதிகாரிகள் சங்கக் கட்டடத்துக்கு வந்தார்கள். அதற்கு முன் அப்படி ஒருவரும் வந்ததில்லை. சாலை நிற்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்து ஓடையை மூடாமல் மேலே பாலம் கட்டினார்கள். முதலில் மூடிய ஓடை மூடியபடியேதான் கிடக்கிறது.

போன மார்கழியில் அமலோற்பவம் நயினாரைப் பார்க்க வந்திருந்தார். இருவரும் அந்த நாட்களையே பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்று வேளையும் ரொட்டி தின்றது. நகரும் படிக்கட்டில் ஏறப் பயந்து சுற்றிப் போனது. தெரு முழுக்க வெள்ளையாகக் கிடந்த பனியைப் பார்த்து, இவ்வளவையும் யார் வாரி முடிப்பது என்று அமலோற்பவம் கவலைப்பட்டது. சிரித்துச் சிரித்து நயினாருக்குக் கண்ணில் நீர் வந்தது. துடைத்துக்கொண்டு, இத்தனை வருஷமாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டார்.

“அன்னைக்கு அந்த மூணு நிமிஷம் கிடைச்சிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க டீச்சர்?”

அமலோற்பவம் யோசித்தார்.

“பேசிட்டு உக்காந்திருப்பேன் சார்.”